முள்ளனுக்கு உயிர் இருக்கிறதா?

வெங்காய ஹாஜியார் செருப்பை வாசலில் கழற்றினார். வலது காலை உள்ளே வைத்து, ஸலாம் சொல்லி, எங்கள் கேம் கடைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்தார்.

என் மச்சான் துடைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். ஹாஜியார் உட்காரவில்லை. டீவியின் தலையிலிருந்த தூசியை ஒரு விரலால் எடுத்துப் பார்த்தார். அன்று காலை நான் அதை இரண்டு தரம் துடைத்திருந்தேன். கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் தூசி துடைப்பதற்கும் துடைக்காமல் விடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

“எங்க அந்தச் சாமான்?” என்றார்.

“எந்தச் சாமான் ஹாஜியார்?” என்றார் மச்சான்.

“புள்ளையள எழும்ப விடாத சாமான்.”

நான் டீவியைப் போட்டேன். திரையில் ஒரு கல் அறை வந்தது. கீழ் வாசலில் ஒரு வாலிபன் வாளோடு நின்றான். நாலு மூலையிலும் நாலு முள்ளன்கள் இருந்தன.

வேண்டுமென்றுதான் அந்த அறையில் ஆட்டத்தை ஸேவ் பண்ணி வைத்திருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் முள்ளன் யார் என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம். போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதை வாசித்துவிட்டு மச்சான் போன் எடுத்தார். தன்னைக் கஞ்சன்போலக் காட்டிவிட்டேனாம். இந்தக் கிழமை அவர் நல்லவராகத்தான் வருவார்.

முள்ளன் என்பவன்

அது ஒரு சாகசக் கேம். களவு போன ஒரு விளக்கைத் தேடி ஒருவன் குகை, கோட்டை, காடு என்று அலைவான். வெளிநாட்டுப் பெயர் ஒன்று அதற்கு இருந்தது. எங்கள் கடையில் அதை ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. ‘விளக்குக் கேம்’ என்போம். பாகம் பாகமாக வரும். எங்களிடம் நாலு பாகம் இருந்தது.

ஒவ்வொரு பாகத்திலும் ஊர் மாறும். ராஜா மாறுவான். விளக்கைக் களவெடுத்தவனும் மாறுவான். முள்ளன் மட்டும் வந்துகொண்டே இருப்பான்.

முள்ளன் என்பது நாங்கள் வைத்த பெயர். பிஸ்கட் டின் அளவில் ஒரு இரும்புக் கட்டை, சுற்றிவர முள். அறையின் மூலையில் சும்மா கிடக்கும். நீங்கள் அதற்கு நேரே வந்தால் பாய்ந்து வந்து அடிக்கும். அடித்துவிட்டு, வந்த வேகத்தில் கால்வாசி வேகத்தில் தன் மூலைக்குத் திரும்பிப் போகும். வாளால் வெட்டினால் ‘டிங்’ என்று சத்தம் வரும், அவ்வளவுதான். சாகாது. துரத்தாது. அறையை விட்டு வெளியே வராது. உங்கள்மேல் அதற்குக் கோபமும் இல்லை.

இரண்டாம் பாகத்தில் தண்ணீருக்குள் கிடந்தது. மூன்றாம் பாகத்தில் பனிக்கட்டியில் வழுக்கி வந்தது. நாலாம் பாகத்தில் கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தது. அதை எப்படி ஏற்றினார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைக்கு வரும் வாலிபர்களுக்கு முள்ளனைப் பிடிக்காது. வெட்டினால் விழுகிற எதிரிதான் அவர்களுக்கு வேண்டும். எனக்கு அவனைப் பிடிக்கும். எனக்குத் தெரிந்த ஆபத்துகளில், உள்ளே நுழையும்போதே கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து அவன் ஒருவன்தான். மற்ற எல்லாவற்றையும் நானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எழும்பினால் சாவு

புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் றோட்டில், சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள் குடியிருந்த ஒரு குடியேற்றத்தின் முகப்பில் எங்கள் கடை இருந்தது. தகரக் கூரை, பாதிச் சுவர், மீதிக்குத் தென்னோலைக் கிடுகு. மூன்று டீவி. ஒரு பக்கம் வெங்காயத் தோட்டம், மறுபக்கம் மணல். கடை மச்சானுடையது. காவல், கூட்டுதல், கவலைப்படுதல் என்னுடையது.

அப்போது எனக்கு இருபத்தைந்து தாண்டியிருந்தது. அதற்குள் இரண்டு வேலையில் இருந்துவிட்டேன். இறால் பண்ணையில், தண்ணீர் குறைகிறது என்று முதலாளிக்கு ஓயாமல் போன் எடுத்ததால் நிற்பாட்டினார்கள். உப்பளத்தில், மழை வரப்போகிறது என்று தினமும் சொன்னதால் நிற்பாட்டினார்கள். கடைசியில் மழை வந்ததுதான். அப்போது நான் அங்கே இல்லை.

கேம் கடையில் மட்டும் என் சுபாவம் உதவியது. வயர் சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். உப்புக் காற்றுப் படாமல் மெஷின்களைத் துணியால் மூடி வைப்பேன். அப்படியும் எல்லாக் கண்ட்ரோலிலும் ஸ்டார்ட் பொத்தான் கறள் பிடித்துப் போயிற்று. ஆட்டத்தை இடையில் நிறுத்துகிற பொத்தான் அது. அது இல்லாமல் நடுவில் எழும்பினால் ஆள் செத்துவிடுவான்.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. தச்சுப் பட்டறையில் வேலை செய்த ஸாபித்தை அஸர் தொழுகைக்குக் கூப்பிட அவன் உம்மா வந்தா. ஸாபித் சண்டைக் கேம் ஒன்றில் இருந்தான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

“உம்மா, இப்ப எழும்பினா நான் செத்துருவன்.”

அந்த மனிசி நேரே பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனா. “என்ட புள்ளய அங்க இருத்தி வச்சிருக்காங்க. எழும்பினா கொல்லுவாங்களாம்,” என்று சொல்லியிருக்கிறா.

கடையை மூடுவதா விடுவதா என்று நிர்வாகத்தில் இருந்த ஹாஜியாரும் ஹஸ்ரத்தும் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை சொல்வதாக முடிவாயிற்று.

மூடினால் மச்சானுக்கு வேறு வழி இருந்தது. திரீவீல் ஓட்டுவார். எனக்குத்தான் இல்லை. கடை இல்லையென்றால் தம்பி கட்டாருக்கு என்று என் ராத்தா, மச்சானின் மனைவி, சொல்லிவிட்டா. பாஸ்போர்ட் வந்துவிட்டது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படமும் எடுத்தாயிற்று. விமானம் விழுந்துவிடும் என்று நான் பயப்படவில்லை. விழாமல் போய்ச் சேரும் என்றுதான் பயந்தேன். அங்கே எனக்கு எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் இந்தச் சுபாவம்தான் காரணம். வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நான் பக்கத்தில் இருந்தால் திரும்ப வராது என்று நினைத்தேன். அதனால் வீட்டிலேயே இருந்தேன். வாப்பா அதன்பிறகு கனகாலம் இருந்தார். ஆகவே நான் செய்தது சரியா பிழையா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

சண்டை முடிந்தபிறகு வாப்பா ஒருதரம் மன்னார்ப் பக்கம் எங்கள் பழைய ஊரைப் பார்க்கப் போனார். நானும் போனேன், அவருக்கு நெஞ்சுவலி வரக்கூடாது என்று. கைக்குழந்தையாக விட்டு வந்த ஊர் எனக்கு. பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடந்தோம். வாப்பாவுக்குப் பாதை ஞாபகம் இருந்தது. பாதைக்குத்தான் வாப்பாவை ஞாபகம் இல்லை. எல்லாம் முள்ளுச் செடி.

ஓரிடத்தில் கயிறு கட்டி, மண்டை ஓடு போட்ட சிவப்பு மட்டைகள் தொங்கவிட்டிருந்தார்கள். மிதிவெடி. வாப்பா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்.

“அந்தா தெரியிறது நம்மட கெணறு,” என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஓம் வாப்பா” என்றேன். கொஞ்ச நேரம் நின்றோம். வெயில் ஏறியது. வாப்பா சாரத்தை மடித்துக் கட்டினார், பிறகு அவிழ்த்துவிட்டார். திரும்பி வந்தோம். பஸ்ஸில் அவர் புளி வாழைப்பழம் ஒன்றைத் தோலுரித்துப் பாதியை எனக்குத் தந்தார்.

அதற்குப் பிறகுதான் கடைக்கு விளக்குக் கேமின் முதல் பாகம் வந்தது. முதல் தரம் முள்ளன் அறைக்குள் போனபோது, ஸாபித் ஓடிப் போய்ச் செத்தான். நான் வாசலிலேயே நின்றேன். ஓர் ஆளுக்கு உரிய அரை மணித்தியாலம் முடியும்வரை நின்றேன். “நீ விளையாடுறாயா, காவல் நிக்கிறாயா?” என்று கேட்டார்கள்.

கண் இருக்கா, வாய் இருக்கா

இப்போது ஹாஜியாரிடம் வருவோம்.

ஹஸ்ரத்தும் அவரும் வரப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் கேம்களைக் கண்ணால் வடித்துக்கொண்டிருந்தேன். சண்டைக் கேமில் பெண்பிள்ளைகளின் உடுப்புச் சரியில்லை. கார் கேமில் மனிதர்களை ஏற்றிக் கொல்லலாம். விளக்குக் கேமில் சூனியக்காரி, எலும்புக்கூடு, கதைக்கிற மரம். முகம் உள்ளது எதையும் காட்டப் பயமாக இருந்தது. முகமே இல்லாதவன் முள்ளன் ஒருவன்தான். அந்த அறையில் பாட்டும் இல்லை. வாளோடு நிற்பவனைக்கூட மேலேயிருந்துதான் பார்ப்போம். தலைத்துணி மட்டும் தெரியும்.

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. முள்ளன் அறையைக் கடந்தால் மேலே வடக்குக் கதவு. அதைத் தள்ளினால் அங்கால் பெரிய சிலை ஒன்று. சுற்றிவர விளக்கு. அதற்கு முன்னால் ஒரு பெண் ஆடிக்கொண்டிருப்பாள்.

“இதுதானா?” என்றார் ஹாஜியார். “ஆரு இவன்? தலைய மூடியிருக்கான். நல்லம்.”

“அவன்தான் நாங்க, ஹாஜியார்,” என்றார் மச்சான்.

“மூலையில கிடக்கிறது?”

“முள்ளன்.”

“அதுக்குக் கண் இருக்கா?”

“இல்ல.”

“வாய்?”

“இல்ல ஹாஜியார். ஒண்டுமில்ல. முள்ளு மட்டும்.”

“கண் இல்லாம நாம வாறது எப்பிடித் தெரியுது?”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஹஸ்ரத்தைப் பார்த்தேன். எங்கள் ஹஸ்ரத் இளவயசு. ஓதி முடித்து வேறு ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

“உயிர் உள்ளதின்ட உருவந்தான் பிரச்சினை, ஹாஜியார். இது மட்டை மாதிரி. உயிர் இல்ல.”

“மட்டை ஆள அடிக்காது, ஹஸ்ரத்.”

“தென்ன மட்டை தலையில விழுந்தா?”

“அது விழுறது. இது வாறது.” ஹாஜியார் கடைசியில் கதிரையில் உட்கார்ந்தார். “வெட்டினா சாகுமா?”

“சாகாது,” என்றேன்.

“சாகாதெண்டா உயிர் இல்லத்தான்,” என்று ஹாஜியார் தனக்குள் சொன்னார். பிறகு கையை நீட்டினார். “கொண்டா பாப்பம்.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ விஷயங்களை எதிர்பார்த்திருந்தேன். கரண்ட் போவது, கூரை பறப்பது, கழுதைகள் உள்ளே வருவது எல்லாவற்றையும். அவர் விளையாடக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

கக்கூசுக்குப் போவது போல

ஹாஜியார் கண்ட்ரோலைத் தண்ணீர் மோட்டரின் கைப்பிடிபோலப் பிடித்தார். பிஸ்மி சொன்னார். வாசலால் உள்ளே போய், உடனே வலப்பக்கம் திரும்பினார்.

வலப்பக்கம் தரையில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பக்கம் விலக இடமில்லை. இரண்டு முள்ளனும் வந்து சேர்ந்து அடித்தன. ஆள் விழுந்து மறைந்து, திரும்பவும் வாசலில் நின்றான்.

ஹாஜியார் கண்ட்ரோலை மடியில் வைத்தார். “மௌத்தானவன் திரும்ப வாறானா, ஹஸ்ரத்?”

“மௌத்தாகல்ல. களைச்சுப் போனான்,” என்றார் ஹஸ்ரத் உடனே.

திரும்பவும் பிஸ்மி. திரும்பவும் வலது. திரும்பவும் களைத்துப் போனான்.

எங்கள் கடையில் அந்த அறைக்குள் போன எல்லோரும் முதலில் வலப்பக்கம்தான் திரும்பினார்கள். வீட்டுக்குள் வலது கால், பள்ளிக்குள் வலது கால் என்று சின்ன வயசிலிருந்து பழகிய கால்கள். கையில் இருப்பது கண்ட்ரோல் என்றாலும் கால் தன் பாட்டில் போகும். கேமைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இடப்பக்கச் சுவரில் ஓர் ஆள் நிற்க அளவாக ஒரு குழிவு உண்டு. அங்கே ஒதுங்கி, முள்ளன்கள் வந்து திரும்பும்வரை நின்றால் போதும்.

எனக்கு அது தெரியும். சொல்ல முடியவில்லை. சொன்னால் ஹாஜியார் அறையைக் கடந்துவிடுவார். கடந்தால் வடக்குக் கதவு, கதவுக்கு அங்கால் சிலை, சிலைக்கு அங்கால் கட்டார். சொல்லாவிட்டால், முடியாத ஒன்றில் பிள்ளைகளை உட்கார்த்தி வைக்கிறோம் என்று கடையை மூடுவார். அதுவும் கட்டார்தான். மச்சான் எனக்குக் கண்ணால் ஏதோ காட்டினார். சொல்லு என்றாரா சொல்லாதே என்றாரா என்று விளங்கவில்லை. பிறகு கேட்டபோது, கண்ணில் தூசி என்றார்.

ஹாஜியாரின் கழுத்து வேர்த்துவிட்டது. அப்போது ஹஸ்ரத் இரண்டடி முன்னால் வந்தார்.

“ஹாஜியார், நீங்க பள்ளிக்குள்ள போற மாதிரிப் போறீங்க. இது பள்ளி இல்ல. கக்கூசுக்குப் போற மாதிரிப் போங்க. இடது.”

ஹாஜியார் டீவியைச் சந்தேகமாகப் பார்த்தார். “அப்ப பிஸ்மி சொல்லலாமா? கக்கூசுக்குள்ள அல்லாஹ்ட பேரு சொல்லக் கூடாதே.”

“வாசலுக்கு வெளியில நிண்டு சொல்லிட்டுப் போங்க.”

ஹாஜியார் வெளியில் நின்று சொன்னார். இடப்பக்கம் போனார்.

“அந்தச் செவர்க் குழிக்குள்ள நில்லுங்க,” என்றார் ஹஸ்ரத். “இன்னும் போகாதீங்க. மேல உள்ளவன் திரும்பிட்டான். கீழ உள்ளவன் கொஞ்சம் மெதுவாத்தான் திரும்புவான்.”

ஹாஜியார் தலையைத் திருப்பினார். “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“பாத்தாத் தெரியுதுதானே,” என்றார் ஹஸ்ரத், சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு.

கீழே உள்ளவன் மெதுவாகத் திரும்புவான் என்று எனக்குத் தெரிய இரண்டு கிழமை எடுத்தது. பார்த்தவுடன் ஒருவருக்கும் தெரியாது. ஓதுகிற காலத்தில் ஹஸ்ரத் எந்த ஊரில் இருந்தார், அங்கே கேம் கடை இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் எனக்கு இல்லை.

பாங்கு

ஹாஜியார் சுவர்க் குழிவுக்குள் நின்றபோது அஸருக்குப் பாங்கு சொன்னது.

அவர் அந்த நிமிஷமே கண்ட்ரோலைக் கீழே வைத்து எழும்பிவிட்டார். ஸ்டார்ட் பொத்தான் இல்லை. ஆள் அறைக்குள் அப்படியே நின்றான். நாலு மூலையிலும் நாலு பேர் இருந்தார்கள்.

எல்லோரும் பள்ளிக்குப் போனோம். நான் வுளூ செய்ததும் தொழுததும் எனக்கே நிச்சயமில்லை. கடையிலிருந்து எங்களோடு வந்து பக்கத்தில் நின்ற ஸாபித் ஸலாம் கொடுத்தவுடன் என் காதில், “செத்திருப்பான்” என்றான்.

திரும்பி வந்தபோது ஆள் நின்ற இடத்திலேயே நின்றான். முள்ளன்களும் அவரவர் மூலையில் இருந்தன. கூரையில் காற்று தட்டிக்கொண்டிருந்தது.

ஹாஜியார் குனிந்து டீவிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“தனிய விட்டுட்டுப் போனோம். ஒருத்தனும் ஒண்டும் செய்யல்லையே.”

“நேர போனாத்தான் வருவான், ஹாஜியார்,” என்றேன். “நாம சும்மா நிண்டா அவனும் சும்மா நிப்பான்.”

“எங்கட தோட்டத்து ஸ்பிறிங்ளர் மாதிரி,” என்றார். “அதுவும் இப்பிடித்தான். அது அங்கால திரும்பக்குள்ள நாம கடந்து போறது.”

ஹஸ்ரத் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹாஜியார் கையைக் காட்டினார். “வெள்ளிக்கிழம கதைப்பம்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மச்சான் பிளேண்டித் தேத்தண்ணி ஊற்றினார். அவர்கள் இருவருக்கென்று எடுத்து வைத்த சீனியும் அதில் விழுந்தது. இனிப்பில் எங்களால் குடிக்க முடியவில்லை.

வடக்குக் கதவு

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்ததும் ஹாஜியார் தனியாக வந்தார். “அந்த ஸ்பிறிங்ளரைப் போடு,” என்றார். அதற்கடுத்த நாளும் வந்தார். வெங்காயத் தோட்டத்துக்குப் போகிற வழியாம். அவருடைய தோட்டம் ஊருக்கு அந்தக் கோடியில்.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே போனார். சுவர்க் குழிவு. பிறகு நடு. பிறகு மேல் வரிசை. அவர் மேலே போகப்போக ராத்தா என் உடுப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினா. கடையில் நடந்ததை அவவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

“நீ போவாய் எண்டு நான் சொல்லல்ல,” என்றா. “போக வேண்டி வந்தா உடுப்பு இல்லாமப் போகக்கூடாது பாரு.”

வியாழக்கிழமை ஹாஜியார் அறையைக் கடந்தார். கீழே உள்ள முள்ளன் வந்தது. அவர் நின்றார். அது திரும்பியது. அவர் போனார். மேலே உள்ளது வந்தது. அவர் அதற்கு முன்னாலேயே கடந்துவிட்டார். வடக்குக் கதவுக்கு முன்னால் ஆள் நின்றான். இன்னும் ஓர் அடி வைத்தால் கதவு தள்ளுப்பட்டுத் திறக்கும்.

நான் டீவியின் சுவிட்சுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன்.

“அட,” என்றான் ஸாபித், பக்கத்து டீவியிலிருந்து. “ஹாஜியார் வந்துட்டீங்க. கதவைத் தள்ளுங்க. அங்கால பெரிய...”

மச்சான் அவன் காலை மிதித்தார்.

ஹாஜியார் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆளைத் திருப்பினார். வந்த வழியே, முள்ளன்களுக்கு நடுவால், நின்று நின்று கீழே இறங்கி, வாசலுக்கு வந்து சேர்ந்தார். கண்ட்ரோலை என்னிடம் தந்தார்.

“போதும்,” என்றார்.

அவர் செருப்பைப் போடும்போது நான் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. கேட்காமல் இருப்பதைவிடக் கேட்பது பயம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

“ஹாஜியார், கதவைத் திறக்கல்லையே?”

“அங்கால செல இருக்கு,” என்றார். “பெரிய செல. வெளக்குகளும் இருக்காம். ஒரு பொம்பள ஆடுறாவாம். என்ட பேரன் எல்லாம் சொல்லிட்டான். முதல் நாள் வாறதுக்கு முந்தியே சொல்லிட்டான்.”

நான் திரும்பிக் கடைக்குள் இருந்த டீவியைப் பார்த்தேன்.

“கேள்விப்பட்டது வேற, பாத்தது வேற,” என்றார். “பாத்தா நான் சாட்சி. நிர்வாகத்தில கேட்டா சொல்லணும். சொன்னா பூட்டணும். பூட்டினா நீ எங்க போவாய்?”

“கட்டாருக்கு.”

“உன்ட ராத்தா என்ட மனிசிட்ட வந்து அழுதிருக்கா. தம்பிய ப்ளேனில ஏத்தினா கட்டார் போக முந்தி மௌத்தாயிருவான் எண்டு.” ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. அதைக் காலாலேயே சரிப்படுத்தினார். “நான் வெங்காயம் செய்றவன், மகன். எனக்கென்னத்துக்கு அந்தப் பாவம்?”

வெள்ளிக்கிழமை

ஜும்ஆவுக்குப் பிறகு ஹஸ்ரத் வந்து முடிவைச் சொன்னார். பாங்கு சொன்னவுடன் டீவி முன்னால் ஒருவரும் இருக்கக்கூடாது. எழும்பிப் போனாலும் ஆள் சாகாத கேம் மட்டும் வைக்கலாம். சண்டைக் கேமும் கார் கேமும் அன்றே அலுமாரிக்குள் போயின. முள்ளன் தங்கிவிட்டான், நாலு பாகத்தோடும்.

ஹஸ்ரத் போகும்போது என்னிடம் மெதுவாக, “அஞ்சாம் பாகம் வந்துட்டாமே?” என்றார்.

“தெரியாது ஹஸ்ரத்.”

“சும்மா கேட்டன்.”

பின்னேரம் ராத்தா ஏஜன்சிக்காரருக்குப் போன் எடுத்தா. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இல்ல, அவன் வரமாட்டான்,” என்றா. “ஓம். தம்பிக்கு இஞ்ச வேலை இருக்கு.”

என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் அப்படி ஒரு வசனம் சொன்னதில்லை. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ராத்தா போனை வைத்துவிட்டு, இன்னும் ஒருதரம் மடித்த உடுப்புகளை அலுமாரியில் அடுக்கும்வரை அப்படி இருந்தேன்.

இல்லாத வேலை போகாது. இருக்கிற வேலைதான் போகும். கூரைத் தகரத்தின் ஆணிகளைப் பார்க்கக் கடைக்குப் போனேன்.